கட்டியங்காரன் இல்லாத அரசர்கள்

போன மாதம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, "டீச்சர், ஔவையார் கள்ளு குடிச்சாங்களா?" என்று கேட்டாள்.

நான் நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். அன்றைக்குப் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு புறநானூற்றுப் பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு ஔவையார் அழுது பாடிய 235-ஆம் பாட்டு. 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்கும். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்து, நாங்கள் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான். இனி அது இல்லையே என்கிறார்.

"ஆமாம்மா, குடிச்சாங்க" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் முகம் தெளியவில்லை. பின்பெஞ்சில் ஒருத்தி, "பாட்டி எப்படிடீ குடிக்கும்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அவர்கள் மனத்தில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கையில் கோல். கல்லூரிக்குப் போகும்வரை என் மனத்திலும் அதே பாட்டிதான் இருந்தார். அவரை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கி 1953-ல் வந்த 'ஔவையார்' படம். வந்து முப்பது வருடம் ஆகியும் கூட்டம் குறையவில்லை. கே.பி. சுந்தராம்பாள் திரையில் வந்ததும் ஆயா கைகூப்பினாள். யானைக் கூட்டம் ஓடிவந்து கோட்டைக் கதவை இடித்துத் தள்ளும் காட்சியில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஊருக்கு வந்தவங்க பாப்பா அந்த அம்மா. நம்ம ராசாகிட்டத்தான் நெல்லிக்காய் வாங்கித் தின்னாங்க" என்றாள். ஏதோ போன வருடம் நடந்தது போலச் சொன்னாள். அந்த இரவில் எனக்கு வந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை. அதியமான்கோட்டையைத் தாண்டிப் பஸ் போகும்போதெல்லாம் எனக்கு ஆயாவின் குரல்தான் கேட்கும்.

அந்தப் படத்தை நான் நேசிக்கிறேன். சுந்தராம்பாளின் குரலுக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் படம் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டது என்று புரிந்தது எம்.ஏ. படிக்கும்போதுதான்.

ஔவையார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்தார்கள் என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அதியமானைப் பாடியவர் சங்க காலத்தவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியவர். படம் எல்லோரையும் ஒருவராக்கியது. கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரை வேண்டி, இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்ட பெண்ணின் நாட்டார் கதையை எடுத்து அந்த ஒருவருக்கு வாழ்க்கையாக்கியது. பாரி மகளிருக்குத் துணையாக நிற்பவரும் படத்தில் ஔவையார்தான். சங்கப் பாட்டில் அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அரசர்களின் வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சியவர் கபிலர்.

சரி, புறநானூற்று ஔவை எப்படி இருக்கிறார்? 89-ஆம் பாட்டில் பகை அரசன் ஒருவன் அவரைப் பார்த்து, மை தீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உள்ள விறலியே, உங்கள் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். விறலி என்றால் ஆடியும் பாடியும் ஊர் ஊராகப் போகிற கலைஞர். அந்தக் கேள்விக்குள் நிற்பவள் கூன் விழுந்த கிழவி இல்லை. பறை காற்றில் பட்டு ஒலித்தாலே போர் வந்துவிட்டது என்று துள்ளி எழுகிறவன் எங்கள் தலைவன் என்று அவள் பதில் சொல்கிறாள். 95-ஆம் பாட்டில் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே எல்லாம் மயில்பீலி சூடி, நெய் பூசி, பளபளவென்று இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். எவ்வளவு துணிச்சல்! அந்த வஞ்சப் புகழ்ச்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

நான் எழுதிப்போட்ட 235-ஆம் பாட்டில் கள்ளுக்குப் பிறகு இன்னொரு வரி வருகிறது. நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். அலைந்து திரிகிற ஒரு பாணர் குடிப் பெண்ணின் தலை. மணம் பூசிய ஓர் அரசனின் கை. இந்த ஒரு வரியை எந்தப் படமும் எடுக்கவில்லை. ஓர் ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருந்தார்கள், ஒன்றாகக் குடித்தார்கள், அவன் அவள் தலையைக் கோதினான் என்பதை ஏற்றுக்கொள்ள நமக்கு முடியவில்லை. அதனால் அவளைக் கிழவியாக்கிவிட்டோம். இதைச் சினிமா தொடங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கதைகள் பல நூறு ஆண்டுகளாகச் செய்துவந்தவைதான். ஆனால் வாய்வழிக் கதைக்கு முகம் கிடையாது. ஆயாவின் ஆயா சொன்ன ஔவைக்கு அவரவர் மனத்தில் ஒவ்வொரு முகம் இருந்திருக்கும். சினிமா ஒரே முகத்தைக் கொடுத்தது. அதற்குப் பிறகு வேறு முகத்தைக் காட்டினால் குழந்தைகள் பயந்துபோகிறார்கள்.

அதற்காக, இருந்த அரசர்களைப் பற்றிக் கற்பனையே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கற்பனையிலும் வகை இருக்கிறது. 2022-ல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது எங்கள் பள்ளியில் இரண்டு வாரம் வேறு பேச்சே இல்லை. வந்தியத்தேவன் யார் என்று கல்வெட்டைக் கேட்டால், குந்தவையின் கணவர் என்ற அளவில் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த ஒற்றைப் பெயரிலிருந்து கல்கி குதிரை ஏறிவரும் ஓர் இளைஞனை உண்டாக்கினார். அங்கே வெற்றிடம் இருந்தது, அதை நிரப்பினார். நிரப்பியதால் யாருடைய குரலும் அழியவில்லை. ஆனால் ஒரு பையன் வந்து, "நந்தினியோட சமாதி எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டபோது யோசித்தேன். நந்தினி முழுக்கக் கல்கியின் படைப்பு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயரே சொல்கிறது. அதை அவனிடம் சொன்னேன். அவன் ஏமாந்துபோகவில்லை. கொலைகாரர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களா என்று கண்ணை விரித்தான். அடுத்த வாரம் அந்தக் கல்வெட்டின் படம் வேண்டும் என்று வந்து நின்றான். உண்மையைச் சொன்னால் கதையின் ருசி போய்விடும் என்று பெரியவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

ஆகவே என் சங்கடம் இதுதான். ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒருவர் கற்பனை செய்தால் எனக்கு மகிழ்ச்சி. அந்த அரசரோடு பழகியவர்கள் தங்கள் வாயால் சொல்லிவைத்துப் போனதன் மேல் இன்னொன்றை எழுதி மூடினால் வலிக்கிறது. வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தும் ஸ்காட்லாந்தின் மேரியும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. நாடகங்களும் படங்களும் அவர்களைச் சந்திக்க வைத்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டு அரசிகள் கடிதத்தாளுக்கு அப்பாலிருந்தே ஒருவரையொருவர் அஞ்சி, ஒருவரையொருவர் கற்பனை செய்து வாழ்ந்தார்கள் என்பது அந்தச் சந்திப்பைவிடப் பெரிய நாடகமாக எனக்குத் தெரிகிறது.

கிருஷ்ணகிரிக்கு வருகிறேன். அம்மாவின் ஊர் பழையபேட்டை. வாசலில் நின்றால் கோட்டை மலை. 1990-ல் தூர்தர்ஷனில் திப்பு சுல்தான் தொடர் வந்தபோது, விடுமுறைக்குப் போன நாங்கள் எதிர்வீட்டில் போய் உட்காருவோம். அந்த வீட்டு அம்மாவைக் காலாம்மா என்று கூப்பிடுவோம். உருது பேசுகிறவர். தொடர் இந்தியில் ஓடும், எங்களுக்கு ஒன்றும் புரியாது. காலாம்மா ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்வார். ஹைதர் அலி கோபப்பட்டால் அவர் குரலும் உயரும். இடையிடையே, "இந்த மலைமேலதான் சண்டை நடந்துச்சு, எங்க தாத்தாவோட தாத்தா பார்த்திருக்காரு" என்று சேர்த்துக்கொள்வார். தொடரில் எது இருந்தது, காலாம்மா எதைச் சேர்த்தார் என்று இன்றைக்கு என்னால் பிரிக்க முடியவில்லை.

தொடரோடு ஓர் அறிவிப்பு வரும். காலாம்மா அதை மட்டும் மொழிபெயர்க்க மாட்டார். கேட்டால், "அது கவர்மெண்ட் பேச்சும்மா, நீ கதையைப் பாரு" என்பார். பல வருடம் கழித்துத்தான் அது என்னவென்று தெரிந்துகொண்டேன். இந்தத் தொடர் ஒரு கற்பனை, பகவான் கித்வானியின் நாவலை ஒட்டியது, திப்புவின் வாழ்க்கையையோ ஆட்சியையோ அப்படியே காட்டுவது அல்ல என்ற அறிவிப்பு. தொடரைப் பற்றி எழுந்த வழக்குகளுக்குப் பிறகு அப்படிப் போட வேண்டியிருந்தது. எங்கள் கூடத்தில் இருந்த பன்னிரண்டு பேரில் அது ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் ஒரு நிமிட எழுத்து, ஒரு மணி நேரக் குதிரைக் குளம்பொலிக்கு முன் என்ன செய்திருக்கும்?

திப்பு எங்களுக்குத் தூரத்து ஆள் இல்லை. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பாராமகால் அவருடைய ஆட்சியில் இருந்தது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை கிருஷ்ணகிரிக் கீழ்ப்பேட்டைக்குள் நுழைந்தது, ஆனால் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாதி ராஜ்யம் போயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் அபராதம். பணம் வந்து சேரும்வரை திப்புவின் இரண்டு சிறு மகன்கள் காரன்வாலிஸிடம் பிணை. பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு எட்டு. ஆங்கில ஓவியர்கள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். கருணை வழியும் முகத்தோடு காரன்வாலிஸ் கை நீட்ட, குழந்தைகள் அவரிடம் வருவது போல. அரசர் வீட்டுக் கண்ணீரை வென்றவனுக்குத் தக்கபடி மாற்றி வரைவது சினிமாவுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

அந்தக் குழந்தைகளை ஒப்படைத்த அதே உடன்படிக்கையில்தான் பாராமகாலும் கைமாறியது. 1794-ல் பிள்ளைகள் அப்பாவிடம் திரும்பிப் போனார்கள். நாங்கள் போகவில்லை. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோவும் வந்து வயல் வயலாக அளந்து, குடியானவனிடம் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் முதலில் செய்து பார்த்தார்கள். மன்றோ தர்மபுரியில் வருடக்கணக்கில் தங்கியிருந்தார். எங்கள் தாத்தா தகரப்பெட்டியில் பூட்டி வைத்த பட்டாவின் வேர் அங்கே இருக்கிறது. திப்புவைப் பற்றி இனி எத்தனை படம் வந்தாலும் அவர் நல்லவரா கெட்டவரா என்றே சண்டை நடக்கும். அந்த மாற்றம் ஒரு கேழ்வரகுக் கொல்லைக்காரனுக்கு என்ன செய்தது என்று யாராவது எடுத்தால் நான் முதல் நாளே போய் உட்காருவேன்.

அந்த அறிவிப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூத்து ஞாபகம் வருகிறது. பென்னாகரம் பக்கம் அத்தை ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துரியோதனன் வரும் இரவு மறக்காது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். உள்ளிருந்து பாட்டு வரும், கட்டையில் செய்த புஜகீர்த்தியின் கண்ணாடிச் சில்லுகள் விளக்கில் மின்னும். அப்போது கட்டியங்காரன் முன்னால் வந்து, ஐயா நீங்கள் யார், எந்த ஊர், பேர் என்ன, இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்பான். அரசன் தன் குலம் கோத்திரமெல்லாம் சொல்வான். கட்டியங்காரன் நம்மைப் பார்த்துத் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களா, இவருதான் அத்தினாபுரத்து ராசாவாம்" என்பான். அடுத்த நிமிடமே நம்ம ஊர்ப் பால் சொசைட்டி கதையைப் பேசுவான். விடிய விடிய அவன் இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்பான்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், இது கூத்து என்று அவன் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறான், அதனால் யாருடைய அழுகையும் குறைவதில்லை. பதினெட்டாம் நாள் காலை, மண்ணால் தரையில் செய்த துரியோதனன் படுத்திருப்பான். ஊர்க் குயவர் முந்தின நாள் சாயங்காலம் அதைச் செய்ததை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனாலும் படுகளத்தில் அவன் விழுந்ததும் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். அத்தை ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். "மண்ணுன்னு தெரியும்டீ. அதுக்காக அவன் சாகலையா?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். இப்படி ஒரு மரபு கையில் இருக்கும்போது, இது கற்பனை என்று சொல்லிவிட்டால் படம் ஓடாது என்று சினிமாக்காரர்கள் ஏன் அஞ்ச வேண்டும்? மூலையில் ஒரு சின்ன எழுத்தில் தப்பித்துக்கொள்வதற்குப் பதில், கதைக்குள்ளேயே ஒரு கட்டியங்காரனை நிறுத்தலாம். இந்த இடம் பாட்டில் இருக்கிறது, இந்த இடம் நான் சேர்த்தது என்று அவன் சொல்லட்டும்.

அப்புறம் இன்னொன்று. நம் படங்களில் அரசனுக்குக் குறையே இருப்பதில்லை. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனம் எங்கள் ஆண்டு விழாவில் இன்றும் ஒலிக்கிறது. சிவாஜி, கும்பினி கலெக்டர் ஜாக்சனைப் பார்த்துக் கர்ஜிக்கும் அந்த இடத்தில் எனக்கும் ரத்தம் சூடாகும். எங்கள் பள்ளி வரலாற்று ஆசிரியை ஒருநாள் வேறு ஒரு கட்டபொம்மனைக் காட்டினார். ஜாக்சன் அவரை ஊர் ஊராகத் தன் பின்னால் அலையவிடுகிறார். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கடைசியாகச் சந்திக்கும்போது மூன்று மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். அவமானத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞர். பிறகு கைகலப்பு, ஊமைத்துரை வருகிறார், தப்பிக்கிறார்கள். விசாரித்த கும்பினி அரசே ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. கர்ஜிக்கும் கட்டபொம்மனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். மூன்று மணி நேரம் நின்றவரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கயத்தாற்றுப் புளியமரம் என் மனத்தில் இறங்கியது.

அதியமானுக்கும் அதே நிலைதான். நெல்லிக்கனி கொடுத்த வள்ளல் என்று ஒரே வரியில் அடைத்துவிட்டோம். ஆனால் அவரைப் பாடியவர்கள் அப்படிச் சுருக்கவில்லை. பரிசில் கொடுக்காமல் நாள் கடத்தியபோது ஔவை வாயிற்காவலனைக் கூப்பிட்டு, உன் தலைவனுக்குத் தன்னையும் தெரியாதா, என்னையும் தெரியாதா என்று பொரிந்து தள்ளுகிறார். 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே' என்று முடியும் 206-ஆம் பாட்டு அது. பெருஞ்சித்திரனார் போனபோது அதியமான் நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்ப, என்னைக் காணாமல் கொடுத்த பொருளை வாங்கிக்கொள்ள நான் வியாபாரி அல்ல என்று அவர் திருப்பிவிடுகிறார். 208-ஆம் பாட்டு. இன்னொன்றில், போர்க்களத்திலிருந்து வந்தவன் பிறந்த மகனைப் பார்க்கிறான், பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், குழந்தையைப் பார்த்தும் சிவப்பு மாறவில்லை. இதை ஔவை புகழ்ந்துதான் பாடியிருக்கிறார். ஆனால் ஒரு தாயாக அந்த 100-ஆம் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தையின் முகம்தான் தோன்றும். தொட்டிலுக்கு முன் அந்தக் கண்களை ஒரு காமிரா காட்டினால் போதும், வசனமே வேண்டாம்.

அவர் இருந்தார் என்பதற்கு ஒரு கல்லும் இருக்கிறது. 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கண்டுபிடித்த தமிழ் பிராமிக் கல்வெட்டு 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று சொல்கிறது. பாளி என்றால் தங்கும் குகை. அசோகனின் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்ட காலக் கேள்விக்கு எங்கள் தகடூர்க்காரர் பதிலாக வந்து நின்றார். பாட்டில் கனி கொடுத்தவர், கல்லில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்.

தகடூர்ப் போரைப் படமாக எடுக்கிறேன் என்று யாராவது வந்தால் நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்வேன். அரிசில் கிழார். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான், அவனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் இவர். அவன் நாட்டையே பரிசாகக் கொடுக்க, நீயே ஆள் என்று சொல்லி அமைச்சர் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டவர் என்று பதிகம் சொல்கிறது. வென்றவனின் ஆள். அதே அரிசில் கிழார்தான் தகடூரில் வீழ்ந்த எழினிக்காக 230-ஆம் பாட்டில் அழுகிறார். அவன் நாட்டில் கன்றோடு மாடுகள் காட்டிலேயே பயமில்லாமல் தங்கும், வழிப்போக்கர் நினைத்த இடத்தில் படுத்துறங்குவர், களத்துமேட்டு நெல்லுக்குக் காவல் வேண்டாம். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோன எமனே, வறுமைப்பட்ட உழவன் விதைநெல்லைத் தின்றது போல உன் தலையில் நீயே மண்ணைப் போட்டுக்கொண்டாய் என்கிறார். வென்ற பக்கத்துக் கவிஞர் தோற்ற பக்கத்தில் வீழ்ந்தவனுக்காக இப்படி அழுதிருக்கிறார். 'தகடூர் யாத்திரை' என்று இந்தப் போரைப் பற்றியே ஒரு நூல் இருந்து, சில பாட்டுகள் மட்டும் மிஞ்சிப் போயிற்று. தொலைந்த பக்கங்களைச் சினிமா எப்படி வேண்டுமானாலும் கற்பனை செய்யட்டும். மிஞ்சிய பக்கத்தில் இருக்கும் அந்தக் கண்ணீரை மட்டும் விட்டுவிட வேண்டாம். வில்லனும் நாயகனுமாக அதைப் பிரித்துவிட்டால் அரிசில் கிழாருக்கு நிற்க இடம் இருக்காது.

அரசர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் நெடுநேரம் நிற்பது நடுகற்களின் முன்னால். எங்கள் இரண்டு மாவட்டத்திலும் காட்டோரம், ஏரிக்கரை, புளியமரத்தடி எங்கும் அவை இருக்கின்றன. பல இடங்களில் வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், மாட்டைக் கவர்ந்தவர்களோடு போராடித் 'தொறு மீட்டுப் பட்டான்', அவன் கல். அவ்வளவுதான் எழுத்து. இந்தக் கல்லில் அரசன் ஒரு தேதியாக மட்டும் வருகிறான். கதை மாடு மீட்டவனுடையது. பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் நடுகல்லில் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆண்டு தேதிக்கு உதவ, இறந்தவனோடு அவன் நாய் கோவிவனுக்கும் பெயர் வெட்டி, அது இரண்டு கள்ளர்களைக் கடித்த செய்தியையும் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் போதும், ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய அந்த நாய்க்காகக் கண் கலங்குகிறார்கள்.

கள் கேள்வி வந்த அந்த வாரக் கடைசியில் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். 91-ஆம் பாட்டை முழுக்கச் சொல்லி விளக்கினேன். பெரிய மலையின் பிளவில், ஏற முடியாத உச்சியில் கிடைத்த, சின்ன இலை நெல்லியின் இனிய கனி. அதைத் தின்றால் நீண்ட நாள் வாழலாம் என்ற செய்தியை மட்டும் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு, 'சாதல் நீங்க எமக்கீத் தனையே' என்று ஔவை சொல்கிறார். அதாவது கொடுக்கும்போது அவன் சொல்லவில்லை. இதை நீங்கள் ஒரு படக் காட்சியாக எழுதுங்கள், ஔவைக்கு எந்த வயது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாகச் சேர்த்ததற்கு அடியில் கோடு போடுங்கள் என்றேன்.

நிறையப் பேர் அரசவை எழுதினார்கள். தங்கத் தட்டு, எக்காளம், பூமாரி, பக்கம் முழுக்கக் கோடு. கள் கேள்வி கேட்ட பெண்ணின் நோட்டில் அரசவை இல்லை. வத்தல் மலை அடிவாரத்தில் ஒரு பாறை. ஔவைக்கு இருபத்தைந்து வயது என்று போட்டிருந்தாள். கூட்டத்தார் கொஞ்சம் தள்ளி அடுப்பு மூட்டுகிறார்கள். அதியமான் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வருகிறான், முழங்கையில் சிராய்ப்பு. மடியிலிருந்து எடுத்து நீட்டுகிறான். அவள் கடிக்கிறாள், முகம் சுளிக்கிறாள், என்ன இது என்று கேட்கிறாள். அதியமானின் பதிலுக்கு அடியில் அவள் அழுத்தமாகக் கோடு போட்டிருந்தாள்:

"சும்மா, மலையில கெடச்சது. தண்ணி குடி, இனிக்கும்."